வாசகர் கேள்வி – பதில்: கேரட்டும் ஐவியும் ஒரே துறையா?

கேள்வி: மாதவரத்தில் ஒரு நர்சரியில் ‘அராலியா’ என்று சொல்லி ஒரு செடி கொடுத்தார்கள். கல்லூரியில் தாவரவியல் படிக்கும் என் மகள், அதுவும் ஐவிக் கொடியும் கேரட்டும் ஒரே துறையைச் சேர்ந்தவை என்கிறாள். பார்வைக்கு ஒன்றோடொன்று ஒட்டவே இல்லையே, ஐயா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மகள் சொல்வது சரி. தாவரவியலில் உறவுள்ள குடும்பங்களின் தொகுப்பைத்தான் துறை என்கிறோம். நர்சரிகளில் அராலியா என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் பாலிசியாஸ் பேரினத்துச் செடி. அதுவும் ஐவியும் அராலியேசி குடும்பம். கேரட், கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், பெருங்காயம் ஆகியவை ஏபியேசி குடும்பம். இவ்விரண்டோடு இன்னும் ஐந்து சிறு குடும்பங்கள் சேர்ந்ததுதான் ஏபியேல்ஸ் துறை. ஏறத்தாழ 5,500 சிற்றினங்கள் இதில் அடங்கும்.

இலையை விட்டுவிட்டுப் பூவைப் பாருங்கள். தொட்டியில் கொத்தமல்லியைப் பறிக்காமல் முற்ற விட்டால், ஒரே புள்ளியிலிருந்து குடைக்கம்பிகள்போலக் காம்புகள் விரிந்து, நுனியில் வெண்பூக்கள் தோன்றும். ஐவியின் பூங்கொத்தும் குடை வடிவந்தான். அடுத்தது பழம். விதை என்று நாம் மளிகைக் கடையில் வாங்கும் தனியாவும் சோம்பும் உண்மையில் உலர்ந்த பழங்கள். சோம்பை நகத்தால் நெருடினால் இரு பாதிகளாகப் பிரியும், ஒவ்வொரு பாதியிலும் நெடுக ஓடும் நுண்ணிய எண்ணெய்க் குழாய்களிலிருந்தே அந்த மணம் வருகிறது. ஐவியிலோ பழம் சதைப்பற்றுள்ளதாக அமைந்து, பறவைகளால் பரவுகிறது. உள்ளே ஓடும் வேதிப்பொருள்களில் உறவு இன்னும் துலக்கமாகத் தெரியும்: ஐவியைக் கையாளும் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும் ‘ஃபால்கரினால்’ என்ற வேதிப்பொருள், கேரட் கிழங்கிலும் சிறிதளவு இருக்கிறது.

1862 முதல் 1883 வரை வெளிவந்த தம் நூலில் ஆங்கிலேயத் தாவரவியலாளர்களான பெந்தமும் ஹூக்கரும் இவ்விரு குடும்பங்களையும் கார்னேசி என்ற மூன்றாவது குடும்பத்தையும் அம்பெல்லேல்ஸ் என்ற ஒரே துறையில் வைத்தார்கள். நுண்ணோக்கியையும் கூர்ந்த கண்ணையும் நம்பிச் செய்த அந்த வேலை பெருமளவு நிலைத்துவிட்டது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான். பின்னாளில் மரபணு ஒப்பீடு கார்னேசியை வெளியேற்றியது. ஆனால் அதற்குள் ஒளிந்திருந்த, நியூசிலாந்திலும் தென் அமெரிக்காவிலும் வளரும் கிரிசெலினியா என்ற பேரினம் ஏபியேல்ஸ் துறைக்கு உள்ளேயே தங்கிவிட்டது. நீலகிரிச் சோலைகளிலும் காணப்படும் பிட்டோஸ்போரம் பேரினம், ரோஜாவின் பக்கமெல்லாம் வைக்கப்பட்டுப் பிறகு இங்கே வந்து சேர்ந்தது. இன்று வழக்கிலுள்ள 2016ஆம் ஆண்டின் ஏபிஜி (மரபணு அடிப்படையிலான பூக்கும் தாவர வகைப்பாடு) நான்காம் பதிப்பு இத்துறையில் ஏழு குடும்பங்களை ஏற்கிறது. துறையிலிருந்து முதலில் பிரிந்த அடிக்கிளைகளில் சில நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அண்டைத் தீவுகள் ஆகியவற்றில் எஞ்சியிருப்பதால், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் அப்பகுதியில்தான் இத்துறை தோன்றியது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ரோஜாவைவிடச் சூரியகாந்தியே கேரட்டுக்கு நெருங்கிய உறவு என்பதையும் மகளிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கொளத்தூர் வண்ணமீன் கடையில் தொட்டிக்காக வாங்கிய ஒரு நீர்ச்செடி, அச்சு அசல் வல்லாரைபோல் இருக்கிறது. துவையல் அரைக்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: வேண்டாம். இலைக்காம்பு எங்கே சேர்கிறது என்று பாருங்கள். வல்லாரையில் இலையின் அடியில் ஒரு பிளவு இருக்கும், காம்பு அங்கே சேரும். தாமரை இலைபோல நடுவிலேயே காம்பு ஒட்டியிருந்தால், உங்கள் செடி ஹைட்ரோகாட்டில் பேரினமாக இருக்கலாம். இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததன்று. 1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வல்லாரைக்கே ஹைட்ரோகாட்டில் ஏசியாட்டிகா என்றுதான் பெயரிட்டார். 1879இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் உர்பான் அதைச் சென்டெல்லா பேரினத்துக்கு மாற்றினார். கேரட் குடும்பத்திலேயே நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்த ஹைட்ரோகாட்டில், மரபணு ஆய்வுக்குப் பிறகு ஐவியின் குடும்பத்துக்குப் போய்விட்டது. வல்லாரை மட்டும் கேரட்டோடு நின்றுவிட்டது. ஒரே பெயரில் இருந்த இரண்டும் இன்று இரு குடும்பங்கள்.

கேள்வி: கருஞ்சீரகமும் சீரகமும் அண்ணன் தம்பியா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: இல்லை. பெயர்தான் ஒன்று. கருஞ்சீரகம் ரனன்குலேசி குடும்பம். ஏபியேல்ஸ் துறைக்கு வெகுதொலைவு. அது பழமும் அன்று, உண்மையான விதை.