மேன்ஷன், பி.ஜி., ஹாஸ்டல்: கட்டட விதியில் எது எந்தப் பிரிவு?

கேள்வி: சொந்த வீட்டு மாடியில் 4 அறைகளை வேலைக்குப் போகிறவர்களுக்குப் பி.ஜி.யாக (பேயிங் கெஸ்ட்) விட்டிருக்கிறோம். இது லாட்ஜ் கணக்கில் வருமா?

வராது. அறைக்கு 3 பேருக்கு மேல் போகக்கூடாது. மொத்த வீட்டிலும் 20 பேருக்கு மேல் படுக்கக்கூடாது. அதுவரை தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன்படி அது ஏ-2, அதாவது தனி வீடு. அந்த இருபதில் உங்கள் குடும்பத்தையும் சேர்த்து எண்ணுங்கள்.

கேள்வி: எங்கள் மேன்ஷனில் பலர் 10 வருடமாக இருக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்று காட்டலாமா?

காட்ட முடியாது. ஒரே நிர்வாகம், தனித்தனிப் படுக்கை, அறைக்குள் சமையல் வசதி இல்லை என்றால் அது ஏ-1, அதாவது லாட்ஜ் பிரிவு. வந்துபோகிறவரா, நிலையாக இருப்பவரா என்று விதி பார்ப்பதில்லை. பொதுச் சாப்பாட்டுக்கூடம் இருந்தாலும் பிரிவு மாறாது. அடுக்குமாடிக்கான ஏ-4 பிரிவில் 3 குடும்பங்களாவது தனித்தனிச் சமையலறையோடு வாழவேண்டும்.

கேள்வி: 300 சதுர மீட்டர் பழைய வீடு. அடுக்குக் கட்டில் போட்டு 60 பேருக்கு ஹாஸ்டல் நடத்தலாமா?

அவசரப்படாதீர்கள். பல பேர் ஒரே அறையில் படுத்தால் அது ஏ-3, அதாவது ஹாஸ்டல் போன்ற கூட்டுப் படுக்கைப் பிரிவு. குடியிருப்புக்கு ஓர் ஆளுக்கு 12.5 சதுர மீட்டர் என்று வகுத்தால் 24 பேர்தான் வரும். ஆனால் வெளியேறும் வழியைக் கணக்கிட, இந்த 24, உண்மையில் தங்கும் 60 இரண்டில் பெரியதைத்தான் எடுக்கவேண்டும். அடுத்தது படிக்கட்டு: வீட்டுக்கு 1 மீட்டர் அகலம் போதும், ஹாஸ்டலுக்கு 1.25 மீட்டர் வேண்டும். வார்த்த கான்கிரீட் படியை 25 செ.மீ. அகலப்படுத்துவது லேசான வேலை இல்லை. ஆகவே வாடகை பேசும் முன்பே டேப்பை எடுத்துப் படியை அளந்துவிடுங்கள். பிளைவுட் தடுப்பு வைத்து நடைபாதையைக் குறுக்குவதும், மொட்டைமாடிக் கதவைப் பூட்டுவதும் உயிருக்கே ஆபத்து. தமிழ்நாட்டில் பயன்பாட்டை மாற்ற, 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி அனுமதி வாங்கவேண்டும். பெண்கள் விடுதி என்றால், பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014 சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமமும் தேவை.

கேள்வி: அப்படியானால் 90 நாளுக்கு மேல் தங்கினால் அது லாட்ஜ் இல்லை என்கிறார்களே?

அது ஜி.எஸ்.டி. விலக்கு. ஆள் ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் கிடைக்கும். கட்டடப் பிரிவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.