47 ஓட்டு வாங்கியவர் தலைவரா?

வணக்கம் சார்,

மதுரை திருநகரில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குப் போன மாதம் தலைவர் தேர்தல் நடந்தது. பட்டியலில் 140 உறுப்பினர்கள். அன்று வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் 118. ஓட்டுப் போட்டவர்கள் 112. அதில் 3 செல்லாதவை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு 47, மளிகைக்கடை அண்ணாச்சிக்கு 38, வக்கீலுக்கு 24.

தலைமையாசிரியர் ஜெயித்துவிட்டார் என்று மாலை போட்டாயிற்று. மறுநாளே அண்ணாச்சி தரப்பு, "பைலாவில் பெரும்பான்மை என்று இருக்கிறது, 47 எப்படிப் பெரும்பான்மை ஆகும்?" என்று எழுத்தில் கேட்டுவிட்டார்கள். பைலாவில் இருப்பது ஒரே வரிதான்: "தலைவர் பெரும்பான்மை வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்படுவார்." எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தலிலேயே கூடுதலாக வாங்கினவர்தானே ஜெயிக்கிறார் என்கிறது இன்னொரு தரப்பு. இதற்கிடையில் அமெரிக்கத் தேர்தல் பற்றிய ஒரு கட்டுரையில் 'ப்ளூராலிட்டி' என்ற சொல்லைப் பார்த்தேன். அகராதியில் தேடினால் 'பன்மை' என்று வருகிறது. இரண்டையும் சேர்த்து விளக்க முடியுமா?

ஒரு வாசகர்,
திருநகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பைலாவில் இருக்கும் வரியை வைத்துப் பார்த்தால் தலைமையாசிரியர் இன்னும் ஜெயிக்கவில்லை. முதலிடத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். அண்ணாச்சி தரப்பு கேட்டது சரியான கேள்வி. ஆனால் அதனால் அண்ணாச்சி ஜெயித்தவர் ஆகிவிட மாட்டார் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

பெரும்பான்மை என்றால் பாதிக்கு மேல். எதில் பாதி என்பதில்தான் சங்கத் தேர்தல்கள் மாட்டிக்கொள்கின்றன. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பட்டியலில் உள்ள 140 பேரில் பாதிக்கு மேல் என்றால் 71 வேண்டும். வந்திருந்த 118 பேரில் என்றால் 60. பெட்டியில் விழுந்த 112 சீட்டில் என்றால் 57. செல்லும் ஓட்டு 109-இல் என்றால் 55. ஒரே தேர்தலுக்கு நான்கு கோடுகள். 47 இந்த நான்கில் ஒன்றையும் தொடவில்லை என்பதால் இந்த முறை சிக்கல் சுலபமாகிவிட்டது. அவர் 58 வாங்கியிருந்தால் இரண்டு கோட்டைத் தாண்டியும் இரண்டைத் தாண்டாமலும் நின்றிருப்பார், நீங்கள் இன்னும் பெரிய கடிதம் எழுதியிருப்பீர்கள்.

சில சங்கங்கள் 'பெரும்பான்மை' என்ற சொல்லே வேண்டாமென்று '51 சதவீதம்' என்று எழுதி வைத்திருக்கின்றன. அது இன்னொரு குழி. 109-இல் 51 சதவீதம் 55.59. 55 ஓட்டு வாங்கியவர் உண்மையிலேயே பாதியைத் தாண்டியவர், ஆனால் அந்த விதிப்படி தோற்றவர். 'பாதியும் ஒன்றும்' என்று எழுதினாலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் 55.5 என்று வந்து நிற்கும். 'செல்லும் வாக்குகளில் பாதிக்கு மேல்' என்று எழுதினால் எந்த எண்ணுக்கும் பொருந்தும்.

இனி எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தல். அந்தத் தரப்பு சொல்வது உண்மைதான், ஆனால் உங்கள் பைலாவுக்கு அது சாட்சி ஆகாது. 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 64-ஆவது விதி, செல்லத்தக்க வாக்குகளில் மிக அதிகமானவற்றைப் பெற்றவரை வெற்றி பெற்றவராக அறிவிக்கச் சொல்கிறது. பெரும்பான்மை என்ற நிபந்தனையே அங்கே கிடையாது. திருநகர் திருப்பரங்குன்றம் சட்டமன்றத் தொகுதிக்குள் வருகிறது, நாடாளுமன்றத்துக்கு விருதுநகர் தொகுதி. 2024-இல் அங்கே மாணிக்கம் தாகூர் 3,85,256, விஜய பிரபாகரன் 3,80,877, ராதிகா சரத்குமார் 1,66,271. வித்தியாசம் 4,379. வென்றவரின் பங்கு ஏறக்குறைய 36 சதவீதம். பக்கத்து மதுரைத் தொகுதியில் சு.வெங்கடேசன் இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார், அவருக்கும் பாதி வரவில்லை, 43 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டு வெற்றியும் சட்டப்படி ஒரே தரம். 'அப்படியென்றால் 64 சதவீதம் பேர் அவரை வேண்டாம் என்றார்கள்' என்று டீக்கடையில் ஒரு கணக்கு ஓடும். அது தப்பு. அந்த 64 சதவீதம் ஒரே பக்கம் விழவில்லை, வெவ்வேறு பேருக்குப் பிரிந்து விழுந்தது. அவர்களுடைய இரண்டாவது விருப்பம் யார் என்று நம் தேர்தலில் யாரும் கேட்பதில்லை, ஆகவே அது தெரியவும் வழியில்லை.

இப்படிப் பாதியைத் தொடாமலேயே மற்ற எல்லாரையும்விடக் கூடுதலாக வாங்கி நிற்பதைத்தான் அமெரிக்கர்கள் 'ப்ளூராலிட்டி' என்கிறார்கள். 1992-இல் பில் கிளிண்டன் சுமார் 43 சதவீத மக்கள் வாக்கோடு ஜெயித்தது அந்த வகை. பழைய அமெரிக்க வழக்கில் முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் உள்ள வித்தியாசத்துக்கும் இதே சொல்லைப் போடுவார்கள், விருதுநகரின் 4,379 மாதிரி. நாம் அதை 'வாக்கு வித்தியாசம்' என்று தெளிவாகவே சொல்கிறோம்.

தமிழில் இதற்கு 'ஒப்பீட்டுப் பெரும்பான்மை' என்று எழுதுகிறவர்கள் உண்டு. கட்டுரைக்குச் சரி. பைலாவில் எழுதாதீர்கள், அதிலும் 'பெரும்பான்மை' ஒட்டிக்கொண்டிருப்பதால் மறுபடி சண்டை வரும். 'சாதாரணப் பெரும்பான்மை' என்பதும் ஆகாது. சட்டமன்றத்தில் அதற்கு வந்திருந்து வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் என்று பொருள். 'அதிக வாக்குகள் பெற்றவர்' என்றால் போதும்.

இடங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: தனிப்பெரும் கட்சி. 1952-இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152. 2006-இல் தமிழகத்தின் 234-இல் தி.மு.க.வுக்கு 96. இரண்டு முறையும் அதுவே தனிப்பெரும் கட்சி, இரண்டு முறையும் பெரும்பான்மை இல்லை. 234-இல் பெரும்பான்மைக்கு வேண்டிய 118-க்கு 22 குறைவு என்பதால்தான் 2006-க்குப் பிறகு 'மைனாரிட்டி அரசு' என்ற பேச்சு ஐந்து வருடம் ஓடியது. தனிப்பெரும் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மைக்கும் உள்ள தூரம் அந்த 22.

அகராதி தந்த 'பன்மை'யும் பிழையில்லை, இடம் வேறு. இலக்கணத்தில் பன்மை, சமூகத்தைப் பற்றி எழுதும்போது பன்மைத்தன்மை. காப்புரிமை ஆவணங்களில் அந்தச் சொல் வந்தால் 'ஒன்றுக்கு மேற்பட்ட' என்பதுதான் பொருள். 'பன்மையான திருகாணிகள்' என்று மொழிபெயர்த்தால் எந்த மெக்கானிக்குக்கும் புரியாது. அமெரிக்க நீதிமன்றச் செய்திகளில் வந்தால், முடிவில் பெரும்பாலான நீதிபதிகள் ஒத்துப்போய், காரணத்தில் பிரிந்து, அதிகம் பேர் கையெழுத்திட்ட கருத்து என்று கொள்ள வேண்டும். நம் உச்ச நீதிமன்றத்தின் கேசவானந்த பாரதி வழக்கில் (1973) 13 நீதிபதிகள் 7-க்கு 6 என்று பிரிந்தார்கள், தீர்ப்புரைகள் மட்டும் பதினொன்று. காரணத்தை எண்ணுவது ஓட்டு எண்ணுவதைவிடக் கஷ்டம்.

சரி, உங்கள் சங்கம் இப்போது என்ன செய்யலாம்? இதற்கு முந்தைய தேர்தல்களின் மினிட்ஸ் புத்தகத்தை முதலில் பாருங்கள். பாதிக்குக் குறைவாக வாங்கியவரை எப்போதாவது தலைவராக அறிவித்து, அதை யாரும் ஆட்சேபிக்காமல் ஏற்றிருந்தால், தலைமையாசிரியர் தரப்புக்குப் பேச ஓர் ஆதாரம் கிடைக்கும். இல்லையென்றால் முதல் இருவருக்கு மட்டும் இரண்டாம் சுற்று நடத்துவதே நல்லது. பைலாவை இப்போது திருத்தி 'அதிக வாக்கு' என்று மாற்றி, அதை நடந்து முடிந்த தேர்தலுக்குப் போடப் பார்க்காதீர்கள். எண்ணிய பிறகு விதியை மாற்றினால் எந்தப் பதிவாளர் அலுவலகத்திலும் அது நிற்காது.

இரண்டாம் சுற்றுக்கு முன் பொதுக்கூட்டத்தில் மூன்று விஷயங்களை முடிவு செய்து மினிட்ஸில் ஏற்றுங்கள். ஒன்று, 'பெரும்பான்மை' என்பது செல்லும் வாக்குகளில் பாதிக்கு மேல் என்ற பொருளிலேயே படிக்கப்படும் என்பது. இதை விட்டுவிட்டால் இரண்டாம் சுற்றும் வீண். 58-க்கு 54 என்று முடிவு வந்த பிறகும் யாராவது "140-இல் 71 எங்கே?" என்று எழுந்திருப்பார்கள். இரண்டு, யார் ஓட்டுப் போடலாம் என்பது. முதல் சுற்றுக்கு வராத 22 பேரையும் அனுமதிக்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் உரிமை பட்டியலில் இருப்பவருக்கு, அன்று வந்தவருக்கு மட்டும் இல்லை. ஆனால் முதல் தேர்தலுக்குப் பிறகு சந்தா கட்டிச் சேர்ந்தவர்களைச் சேர்க்கக் கூடாது, பழைய பட்டியலே இருக்கட்டும். மூன்று, சீட்டில் நோட்டா கட்டம் வேண்டாம். பொதுத்தேர்தலில் 2013 முதல் நோட்டா இருக்கிறது, அங்கே அது முடிவை மாற்றாது. உங்கள் சீட்டில் அதை அச்சடித்து, அதையும் செல்லும் ஓட்டாக எண்ணினால், இருவர் போட்டியிலும் ஒருவரும் பாதியைத் தாண்டாமல் போகலாம்.

அடுத்த முறைக்கு இரண்டு சுற்று அலைச்சல் வேண்டாமென்றால் விருப்ப வாக்கு முறையை வைத்துக்கொள்ளலாம். சீட்டில் டிக் அடிக்காமல் 1, 2, 3 என்று எண் எழுத வேண்டும். முதலில் 1-ஐ மட்டும் பார்த்துச் சீட்டுகளைப் பிரித்து அடுக்குங்கள். யாரும் பாதியைத் தாண்டவில்லையென்றால் கடைசி இடத்தவருடைய சீட்டுக் கட்டை மட்டும் பிரித்து, ஒவ்வொரு சீட்டிலும் 2 யாருக்கு என்று பார்த்து அவர் அடுக்கில் சேர்க்க வேண்டும். உங்கள் எண்களிலேயே ஓட்டிப் பார்ப்போம். வக்கீலின் 24 சீட்டில் 16-இல் இரண்டாவது விருப்பம் அண்ணாச்சி, 6-இல் தலைமையாசிரியர், மீதி 2 சீட்டில் 1-ஐத் தவிர எதுவும் எழுதவில்லை என்று வைத்துக்கொள்வோம். அண்ணாச்சி 38-இலிருந்து 54. தலைமையாசிரியர் 47-இலிருந்து 53. முதலிடம் மாறிவிட்டது.

இங்கேதான் பெரிய தகராறு வரும். அண்ணாச்சியின் 54, ஆரம்பத்தில் இருந்த 109-இல் பாதிக்கு மேல் இல்லை. எண்ணத்தக்கதாக மிஞ்சிய 107-இல் பாதிக்கு மேல். விருப்பம் தீர்ந்துபோன அந்த 2 சீட்டை என்ன செய்வது என்பதை விதியில் முன்பே எழுதியிருக்க வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தலில் தேவையான எண்ணை ஆரம்ப மொத்தத்திலிருந்தே போடுகிறார்கள்: செல்லும் வாக்குமதிப்பில் (அங்கே எம்.பி., எம்.எல்.ஏ.க்களின் ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு) பாதி, மிச்சத்தைத் தள்ளிவிட்டு, கூட ஒன்று. எண்ணிக்கை முழுக்க அந்த எண் மாறாது. யாரும் அதை எட்டாமல் ஒருவர் மட்டும் மிஞ்சினால் அவரே வென்றவர். 1969-இல் வி.வி.கிரி முதல் விருப்பத்திலேயே 4,01,515 பெற்று முதலிடம், சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548. வேண்டியது 4,18,169. கீழே இருந்தவர்களை ஒவ்வொருவராக நீக்கி, இரண்டாம் விருப்பங்களைச் சேர்த்த பிறகே கிரி 4,20,077-க்குப் போனார், ரெட்டி 4,05,427-இல் நின்றார். கிட்டத்தட்ட 88,000 முன்னிலை 15,000-க்குக் கீழே இறங்கியதைக் கவனியுங்கள்.

சங்க அளவில் இந்த முறையில் வீணாகும் சீட்டுகள் பெரும்பாலும் ஒரே வகை: இரண்டு பேருக்கும் 1 எழுதுவது, அல்லது ஒருவருக்கு டிக், இன்னொருவருக்கு 2. வாசலிலேயே ஒரு மாதிரிச் சீட்டைப் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். எந்த முறையை ஏற்றாலும் பைலா திருத்தத்தை மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்த பிறகு அடுத்த தேர்தலுக்குப் போங்கள்.

செயற்குழு உறுப்பினர் தேர்தலை நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. ஏழு இடத்துக்கு ஆளுக்கு ஏழு ஓட்டு, அதிகம் வாங்கிய ஏழு பேர் தேர்வு என்பதுதான் பல சங்கங்களில் நடைமுறை. ஒரு தெருவுக்கு 60 ஓட்டும் இன்னொன்றுக்கு 50-உம் இருந்து, இரண்டும் கட்டுக்கோப்பாகப் போட்டால் ஏழு இடமும் ஒரே தெருவுக்குப் போகும். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் ஏறக்குறைய 44 சதவீத வாக்குக்கு அ.தி.மு.க.வுக்கு 39-இல் 37 இடம் கிடைத்ததும் இதே இயல்புதான். தெருவுக்கு இத்தனை இடம் என்று முன்பே பிரித்துவிடுவது எளிய தீர்வு.

கடைசியாகச் சரிசமம். மக்களவை, சட்டமன்றத் தேர்தலில் இருவருக்கும் சமமாக வந்தால் திருவுளச்சீட்டு. சீட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்குக் கூடுதலாக ஒரு வாக்கு கிடைத்ததாகக் கொள்ளச் சொல்கிறது 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு. (உத்திரமேரூர்க் குடவோலையைத் தேர்தல் என்று மேடையில் பேசுகிறோம். அங்கே ஓட்டு எண்ணவே இல்லை, தகுதியைச் சலித்துவிட்டு மிச்சத்தைக் குலுக்கலில் விட்டார்கள்.) ஆனால் இமாச்சலப் பிரதேசத்தில் 2024 பிப்ரவரியில் மாநிலங்களவைத் தேர்தல் நடந்தபோது அபிஷேக் மனு சிங்விக்கும் ஹர்ஷ் மகாஜனுக்கும் தலா 34. குலுக்கலில் சிங்வி பெயர் வந்தது, ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டவர் மகாஜன். அந்தத் தேர்தலின் எண்ணும் முறையில் குலுக்கல் என்பது நீக்க வேண்டியவரைக் கண்டுபிடிக்கத்தான் என்று தேர்தல் அதிகாரி கொண்டார், சிங்வி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஆகவே சீட்டில் வரும் பெயர் ஜெயித்தவருடையதா தோற்றவருடையதா என்று முதலில் எழுதி, தலைமையாசிரியரிடமும் அண்ணாச்சியிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அப்புறம் சொம்பைக் குலுக்கச் சொல்லுங்கள்.