நாடி பார்த்து ‘சிறுநீரகம் பலவீனம்’ என்றால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூரில் வசிக்கிறோம். 63 வயதான என் அம்மாவுக்குப் பல மாதங்களாக இடுப்பு வலி. இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். பக்கத்து வீட்டு அம்மையாருடன் சீன மருந்துக் கடைக்குப் போனபோது, அங்கிருந்தவர் நாடி பிடித்துப் பார்த்து, “சிறுநீரகம் பலவீனம்” என்று சொல்லி மூன்று மாத மருந்தை 480 வெள்ளிக்குக் கொடுத்திருக்கிறார். டயாலிசிஸ் பயத்தில் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. மருந்தைக் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த நாடியை வைத்து டயாலிசிஸை நினைத்துக் கலங்கவும் வேண்டாம்.

சீன மருத்துவம் சிறுநீரகம் என்று சொல்வது ரத்தத்தை வடிகட்டும் உறுப்பை மட்டும் அல்ல. இதயம், கல்லீரல், மண்ணீரல், நுரையீரல், சிறுநீரகம் ஆகிய ஐந்தும் அங்கே பல வேலைகள் சேர்ந்த தொகுதிகள். பிறப்போடு வரும் ‘ஜிங்’ என்னும் உயிர்ச்சாரம் சிறுநீரகத் தொகுதியில் சேமிக்கப்பட்டிருக்கிறது, வயது ஏற ஏற அது குறைகிறது என்பது ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ என்ற பழைய நூலிலேயே உள்ள கொள்கை. எலும்பு, தலைமுடி, காதின் கேட்கும் திறன், பிள்ளைப்பேறு எல்லாம் இதன் பொறுப்பு. ஆகவே அறுபதைக் கடந்து இடுப்பு வலியோடு இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு ‘பலவீனம்’ என்று சொல்லிவிடலாம்; சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் அளவு சரியாக இருப்பவருக்கும் சொல்லலாம். உண்மையிலேயே சிறுநீரகம் பழுதாகிவரும் ஒருவருக்கு நாடியில் அது பிடிபடாமலும் போகலாம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், ரத்தச் சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். இரவில் அடிக்கடி எழுவதற்குச் சர்க்கரையும் காரணமாக இருக்கலாம்.

நம் சித்த மருத்துவ நாடியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அங்கே மூன்று விரல்களும் வளி, அழல், ஐயம் (வாதம், பித்தம், கபம்) பார்க்கின்றன. சீன மருத்துவர் ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று இடங்களில் வெவ்வேறு உறுப்புத் தொகுதிகளைத் தேடுகிறார். அவற்றில் முழங்கைப் பக்கமாக உள்ள இடம் சிறுநீரகத்துக்கு உரியது. ஆனால் நாடி மட்டும் போதும் என்று அந்த மருத்துவமே சொல்வதில்லை. பார்த்தல், கேட்டலும் முகர்தலும், விசாரித்தல், தொட்டறிதல் என நான்கு சோதனைகள் உண்டு. அம்மாவின் நாக்கைப் பார்த்தாரா? வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டாரா? இல்லையென்றால் நடந்தது வியாபாரம்.

இன்னொன்று, சிறுநீரகப் பலவீனம் ஒரே வகை அல்ல. உள்ளங்கை எரிச்சல், இரவு வியர்வை, வாய் வறட்சி இருந்தால் யின், அதாவது உடலைக் குளிர்விக்கும் தன்மை, குறைவு. கைகால் சில்லிட்டுக் குளிர் தாங்காமல் இருந்தால் யாங், அதாவது உடலைச் சூடாக்கும் தன்மை, குறைவு. கடைகளில் அதிகம் விற்கும் ஆறு மூலிகை உருண்டை, ‘லியூவெய் திஹுவாங்’, முதல் வகைக்கானது. சோங் வம்சக் காலத்துக் குழந்தை மருத்துவர் சியான் யீ, பழைய எட்டு மூலிகை மருந்திலிருந்து உடலைச் சூடாக்கும் இரண்டை நீக்கிக் குழந்தைகளுக்காக அமைத்தது அது. குளிரில் நடுங்கும் பாட்டிக்கும் அதே பெட்டியை நீட்டுவது சீன மருத்துவத்தின் கணக்கிலேயே தவறு.

சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி சீன மருத்துவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பெயரை அவர்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். அக்குபங்சர் மட்டும் செய்யப் பதிவு பெற்றவர் வேறு, மருந்து எழுதித் தருபவர் வேறு. சிறுநீரக நோயைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்யவும் சட்டத்தில் தடை உண்டு. ஆகவே பெட்டியில் அச்சிட முடியாததைக் கல்லாவுக்குப் பின்னால் நின்று வாயால் சொல்கிறார்கள். புகார் கொடுக்கலாம் என்பார்கள். எதை வைத்துக் கொடுப்பது? ரசீதில் ‘மூலிகை’ என்று ஒற்றைச் சொல்தான் இருக்கும்! மூலிகைகளின் பெயர்ப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். “பரம்பரை ரகசியம்” என்று பதில் வந்தால் நடையைக் கட்டுங்கள்.

பட்டியல் ஏன் முக்கியம் என்பதற்கு பிரஸ்ஸல்ஸ் நகரமே சாட்சி. 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. ‘ஃபாங்ஜி’ என்ற பெயரில் வழங்கும் இரண்டு மூலிகைகளில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று கலந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலம்தான் காரணம். சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் அது வரவழைக்கும். சிங்கப்பூரில் அதற்குத் தடை இருக்கிறது. உறவினர் பெட்டியில் வரும் பொட்டலத்துக்கும் இணையத்தில் வாங்கும் பொடிக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

பரிசோதனை முடிவுகள் சரியாக இருந்து, பதிவு பெற்ற மருத்துவர் முறையாகப் பார்த்துக் கொடுத்தால் மருந்து சாப்பிடலாம். ஒரு விதிவிலக்கு: ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவராக இருந்தால் கூடாது. டாங்குய், டான்ஷென் போன்ற வேர்கள் அதன் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். டாங்குய் சூப்பில்கூடப் போடும் வேர் என்பதால் யாரும் அதை மருந்தாக நினைப்பதில்லை. சூப்பும் கணக்கில் சேரும். இதயநோய் மருத்துவரிடம் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்; அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

பிரிக்காத பொட்டலங்களைத் திருப்பிக் கொடுங்கள். அதற்குப் பதில் வேறு டானிக் தருகிறேன் என்பார்கள். பணமாகவே கேளுங்கள்.