விதானையாரா, விதிப்புத்தகமா? நிர்வாகம் பற்றிய கேள்வி பதில்

பிரதேச செயலகத்திலும் கூட்டுறவுத் திணைக்களத்திலும் வேலை செய்து ஓய்வுபெற்ற பிறகு, டிப்ளோமா மாணவர்களுக்கு முகாமைத்துவம் படிப்பித்து வருகிறேன். கந்தோர், சங்கம், கடை எதுவானாலும் வேலை எப்படி ஒழுங்காகிறது, எங்கே கெடுகிறது என்று கேளுங்கள். இடமாற்றம், சம்பள முரண்பாடு இதற்கெல்லாம் உங்கள் தொழிற்சங்கத்திடம் போங்கள்.

மானிப்பாய் மாணவி: சேர், நவீன சமூகம் பகுத்தறிவுமயமாகிறது என்று வெபர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

வழக்கம், உறவு, பெரியவர் சொல் என்று நடந்த காரியங்கள் கணக்கு, எழுதிய விதி, பயிற்சி பெற்ற ஆள் என்று மாறுவதுதான் பிள்ளை. முன்பு கடன் கேட்டால் இன்னாருடைய மகன் என்று பார்த்துக் கொடுத்தார்கள், இப்போது வங்கி கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையை எடுத்துப் பார்க்கிறது. ஜேர்மன் சமூகவியலாளர் மக்ஸ் வெபர் (1864–1920) இதை வெறுமனே புகழவில்லை. வழிமுறை கூர்மையாகிக்கொண்டே போகும், எதற்காகச் செய்கிறோம் என்பது கண்ணில் படாமல் போகும் என்ற பயம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. பரீட்சையில் அந்தப் பயத்தையும் எழுதுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கிளிநொச்சியில் வேலை செய்யும் அபிவிருத்தி உத்தியோகத்தர்: எல்லாவற்றையும் கணினியில் பதிகிறோம். அதையே பதிவேட்டிலும் எழுதச் சொல்கிறார்கள், மாத முடிவில் அச்செடுத்துக் கோவையிலும் போட வேண்டும். இது என்ன நவீனமயம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நான் எல்லா வகுப்பிலும் சொல்வது இதுதான்: பழையதை எடுக்காமல் புதியதை அதன்மேல் வைக்காதீர்கள். கணினி வந்த அன்றே பதிவேட்டை நிறுத்தியிருக்க வேண்டும். ஏன் நிறுத்தவில்லை? கணக்காய்வு ஐயவினா வரும் என்ற பயம். பதிவேடு இருந்ததற்காக யாருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வராது, இல்லாததற்காக வரலாம். அதனால் ஒவ்வொருவரும் தன்னைக் காப்பாற்ற ஒரு கொப்பியைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். விதி ஒரு நோக்கத்துக்காக வந்தது, பிறகு விதியைக் காப்பாற்றுவதே நோக்கமாகிவிடுகிறது. இதைச் சமூகவியலாளர் ராபர்ட் மேர்ட்டன் 1940இலேயே எழுதிவிட்டார்.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு பதிவேட்டுக்கும் இதை யார் வாசிக்கிறார், கடைசியாக எப்போது யார் திறந்து பார்த்தார், அதைப் பார்த்து என்ன முடிவு எடுத்தார் என்று எழுதுங்கள். பதில் இல்லாத பதிவேடுகளைப் பட்டியல் போட்டு, இவற்றை நிறுத்தலாமா என்று உள்ளகக் கணக்காய்வுக்குப் பிரதேச செயலாளர் ஊடாக எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும், அதை நம்பி எந்த லிகிதரும் பதிவேட்டை மூட மாட்டார்.

டிப்ளோமா முதலாம் வருடம்: டெய்லருக்கும் வெபருக்கும் என்ன வித்தியாசம்?

அமெரிக்கப் பொறியியலாளர் பிரெடெரிக் டெய்லர் வேலைத்தளத்தைப் பார்த்தார், வெபர் அதிகாரத்தைப் பார்த்தார். அமெரிக்காவின் பெத்லகேம் உருக்கு ஆலையில் ஒரு தொழிலாளி ஒரு நாளில் ஏற்றும் வார்ப்பிரும்பு 12.5 தொன்னிலிருந்து 47.5 தொன்னாகியது என்று டெய்லர் 1911இல் எழுதினார். கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 ஆனது. வேலை நான்கு மடங்குக்குக் கிட்ட, கூலி 60 வீதம்தான் கூட. அதே 1911இல், டெய்லர் முறையைக் கொண்டுவந்த வோட்டர்டவுன் ஆயுதசாலையில் நேரம் அளக்கும் கடிகாரத்தைக் கண்டதும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். இதற்கு மாறாக, ஜப்பானின் டொயோட்டா கார் ஆலையில் பிழை கண்ட தொழிலாளியே கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். டெய்லரிடம் அளவு இருந்தது, வேலை செய்பவனின் மூளைக்கு இடம் இருக்கவில்லை.

நிதி நிறுவனக் கள உத்தியோகத்தர், வவுனியா: எங்களைக் கடன் வசூல் வீதத்தால் மட்டும்தான் மதிப்பிடுகிறார்கள். 98க்குக் கீழே போனால் கூட்டத்தில் எழுப்பி நிறுத்துகிறார்கள். இதுவா முகாமைத்துவம்?

இல்லைத் தம்பி. ஒரேயொரு எண்ணைப் பிடித்துக்கொண்டால் ஆட்கள் அந்த எண்ணைத்தான் உற்பத்தி செய்வார்கள். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி கணக்குத் திறக்கும் இலக்கை இறுக்கியது, ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குத் திறந்தார்கள். 2016இல் 185 மில்லியன் டொலர் தண்டம், 5,300 பேரளவில் வேலை நீக்கம். எங்களுடைய ஊரில் அந்த எண் வேறு விதமாக வீட்டுக்குள் வந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், காசு தரும்வரை முற்றத்தில் குந்தியிருக்கும் உத்தியோகத்தர். வசூல் வீதம் தாளில் அழகாகத்தான் இருந்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுடைய ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே இறங்க வேண்டி வந்தது. வசூலுக்குப் பக்கத்தில், இந்தக் குடும்பம் வேறு எத்தனை இடத்தில் கடன் வைத்திருக்கிறது என்ற நிரலையும் போடச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், அந்த நிறுவனம் எதைப் பார்க்க விரும்பவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பருத்தித்துறைப் பெரியவர்: விதானையார் ஊர்த் தலைவராக இருந்த காலத்தில் ஒரு சொல்லில் வேலை முடிந்தது. இப்போது ஒரு கையெழுத்துக்கு மூன்று நாள். உங்கள் வெபரால் எங்களுக்கு என்ன லாபம்?

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை. ஆனால் யாருடைய வேலை ஒரு சொல்லில் முடிந்தது? மணியகாரர், உடையார், விதானையார் எல்லாம் காணியும் சாதியும் உள்ள குடும்பங்களிலிருந்துதான் வந்தார்கள். அவர் முற்றத்தில் கதிரை கிடைத்தவருக்கு ஒரு சொல், வேலிக்கு வெளியே நின்றவருக்கு எத்தனை நாள்? 1963இல் விதானையார் முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தபோது தகைமையும் பரீட்சையும் பதவிக்கு வழியாகின. ஆள் யார் என்று பாராத விதி சிலருக்குக் குளிராகத் தெரியலாம், ஆளைப் பார்த்தே காலமெல்லாம் துரத்தப்பட்டவனுக்கு அது பாதுகாப்பு.

அதே பெரியவர்: சாதியை இழுத்துத் தப்பப் பார்க்கிறீர்கள். இன்றைய கிராம அலுவலருக்கு எங்கள் ஒழுங்கையில் யார் தனியாக இருக்கிறார் என்றே தெரியாது.

சாதியை நான் இழுக்கவில்லை, அது அந்தக் கதிரையிலேயே இருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பிறகும் தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் போராட வேண்டியிருந்தது. எழுதிய சட்டம் கையில் இருந்ததால்தான் பொலிசில் போய் முறையிடவாவது முடிந்தது.

உங்கள் இரண்டாவது வசனம் மட்டும் சரி, முழுக்கச் சரி. இடமாற்றத்தில் வருகிறவருக்குக் கோவைகள் கைமாறுகின்றன, ஊர் பற்றிய அறிவு கைமாறுவதில்லை. அதற்கு விதானையாரைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியதில்லை. பழைய அலுவலரும் புதியவரும் ஒரு வாரம் சேர்ந்து வீடு வீடாக நடக்க வேண்டும் என்று கையளிப்பு ஒழுங்கிலேயே எழுதிவிடலாம்.

சுழிபுரம் ஆசிரியை: நானும் விதியின் பக்கம்தான். என் அம்மம்மாவுக்குக் கூப்பன் அட்டை எடுக்கவே இன்னொருவர் சிபாரிசு வேண்டியிருந்ததாம்.

பெரியவர் இதை வாசிக்க வேண்டும்.

டிப்ளோமா மாணவர்: டெய்லர், வெபர் ஒப்பீடு, குறிப்பு வடிவில் தேவை.

மேலே இருக்கிறது. இதே கேள்வி தனிச் செய்தியிலும் பலமுறை வந்துவிட்டது, ஒப்படைக்கு நான் குறிப்பு எழுதித் தருவதில்லை.

கொக்குவில் தோசைக்கடை: மக்டொனால்ட்ஸ் மாதிரி எல்லாக் கிளையிலும் ஒரே சுவை வேண்டும்.

மாவுக்கும் சம்பலுக்கும் தராசு வாங்குங்கள், அளவுகளைச் சுவரில் ஒட்டுங்கள். பரிமாறுபவர் என்ன வார்த்தை பேச வேண்டும் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். வினைத்திறன், கணக்கிடல், எதிர்வுகூறல், கட்டுப்பாடு என்று மக்டொனால்ட்ஸ் முறையைச் சமூகவியலாளர் ஜோர்ஜ் ரிட்சர் 1993இல் பிரித்துக் காட்டிய நான்கில் உங்களுக்குக் கணக்கிடலும் எதிர்வுகூறலும் போதும்.

வைத்தியசாலை வரிசை பற்றி ஒருவர்: நம்பர் கொடுத்தும் ஏன் நெரிசல்?

எல்லோரையும் காலை ஏழு மணிக்கே வரச் சொல்வதால். நம்பரோடு நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

நல்லூர் முகாமைத்துவ உதவியாளர்: எங்களிடமும் கணினி, பதிவேடு இரண்டும். என்ன செய்யலாம்?

இரண்டாவது பதிலை வாசியுங்கள். பழையதை எடுக்காமல் புதியதை வைக்காதீர்கள். உள்ளகக் கணக்காய்வுக்கு எழுதிக் கேட்டீர்களா? எழுதி, அவர்கள் அனுப்பும் பதிலோடு வாருங்கள், அந்தக் கடிதத்தை வைத்து மேலே பேசுவோம்.