ஃபோர்டு 300 இன்லைன் சிக்ஸில் (ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் உள்ள 300 கன அங்குல எஞ்சின்) அடிவேக டார்க்கை, அதாவது குறைந்த ஆர்பிஎம்மில் கிடைக்கும் திருப்புவிசையை, கூட்ட எதை மாற்றலாம்?

கார்புரேட்டர் வண்டி, சுமை இழுக்கத்தான் வேண்டும் என்கிறீர்கள். அப்படியென்றால் முதலில் பின் ஆக்சிலைப் பாருங்கள். 3.08 கியர் விகிதத்தை 3.55 ஆக்கினால் சக்கரத்துக்குப் போகும் டார்க் 15 சதவீதம் கூடிவிடும். அதையே எஞ்சினுக்குள்ளிருந்து எடுக்க நிறையச் செலவாகும்.

எஞ்சினைத் தொடுவதென்றால், பெரிய கார்புரேட்டர் ஆசையை விடுங்கள். எஞ்சினுக்கு வேண்டிய காற்று: 300 கன அங்குலம் × 3500 ஆர்பிஎம் ÷ 3456 = சுமார் 304 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). 390 சிஎஃப்எம் நாலு பேரல் கார்புரேட்டர் தாராளம். அதற்கு மேல் போனால் அடிவேகத்தில் காற்றோட்டம் மந்தமாகிப் பெட்ரோல் சரியாக நுண்துளிகளாகச் சிதறாது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி திக்கும்.

எக்ஸாஸ்டுக்கு 1987–96 இன்ஜெக்ஷன் மாடலின் இரட்டை வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு (புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்த் தொகுதி) நல்ல தேர்வு. ஒரு சிக்கல் உண்டு. இந்த எஞ்சினில் இன்டேக் (கலவை உள்ளே போகும் வழி), எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம். பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுதான் இன்டேக்கைச் சூடாக்கும். அதைக் கழற்றினால் குளிரில் பெட்ரோல் குழாய்ச் சுவரிலேயே படிந்து, ஓரத்து சிலிண்டர்களுக்குக் கலவை சீராகப் போகாது. கார்புரேட்டருக்கு அடியில் ஹீட்டர் ஹோஸ் தண்ணீர் ஓடும் தட்டு வையுங்கள்.

கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) டியூரேஷன், அதாவது வால்வைத் திறந்து வைக்கும் அளவு, 0.050 அங்குல லிஃப்டில் 200–205 டிகிரி போதும். கேமை 4 டிகிரி அட்வான்ஸ் செய்து (முன்தள்ளி) பூட்டினால் டார்க் இன்னும் குறைந்த ஆர்பிஎம்மிலேயே கிடைக்கும். இங்கே டைமிங் செயின் கிடையாது, கியர்தான். பழைய ஃபைபர் கேம் கியர் பல் உதிரும், கடினமான வால்வு ஸ்பிரிங் போட்டால் இன்னும் சீக்கிரம். உலோக கியரை கிராங்க் கியரோடு ஜோடியாகவே மாற்றுங்கள்.

இதே குடும்பத்துச் சின்ன எஞ்சினான 240-இன் ஹெட்டில் எரியறை சிறியது, கம்ப்ரஷன் (கலவையை அமுக்கும் விகிதம்) ஏறும். மாட்டுவதற்கு முன் எரியறையின் கொள்ளளவை சிசியில் அளந்து கணக்குப் போடுங்கள். அமெரிக்க 87 ஆக்டேன் பெட்ரோலுக்கு 9:1 தாண்ட வேண்டாம். சுமையோடு 1500 ஆர்பிஎம்மில் ஏறும்போது கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் அதிக நேரம் இருப்பதால் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து எஞ்சின் தட்டுவது) அங்கேதான் தொடங்கும். இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் முன்கூட்டி வரும் அளவை) 10 டிகிரியில் ஆரம்பியுங்கள். மேட்டில் எஞ்சின் தட்டினால் 2 டிகிரி குறையுங்கள்.

ஃபைபர் கியர் ஏற்கெனவே பல் உதிர்ந்திருந்தால் ஆயில் சம்பைக் கழற்றாமல் மூடாதீர்கள். அந்தத் துணுக்குகள் பம்பின் சல்லடையை அடைத்து பேரிங்கைத் தின்றுவிடும்.