கொள்ளுத்தாத்தாவின் கல்லறைக்கு 40,000 ரூபாயா?

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். கல்லில் பெயர் பாதிதான் தெரிகிறது. ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் எண்களே இல்லை. 'அ', 'அ', 'சு' என்று ஏதோ எழுத்துகள் இருக்கின்றன. பக்கத்துக் கல்லில் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஒன்று உள்ளது. ஒருவர் வந்து, கல்லைச் சுத்தம் செய்து, வரைபடம் போட்டு, 'பூர்விகச் சான்று' வாங்கித் தருவதாகவும், பக்கத்துக் கல்லும் எங்கள் உறவுதான், பிரெஞ்சுக் குடியுரிமைக்கே வழி பிறக்கும் என்றும் சொல்கிறார். 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
— வாசகர், முதலியார்பேட்டை

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் அதோடு தலைமுழுகிவிடுங்கள்.

கல்லறைக் கல்லைப் பார்த்துவிட்டு 'பூர்விகச் சான்று' தரும் அலுவலகம் புதுச்சேரியிலும் இல்லை, பாரிசிலும் இல்லை. புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுக்க 1956 மே 28 அன்று கையெழுத்தான இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள், அந்தக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் அப்போது யார் எழுதிக் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பதுதான் கேள்வி. அதற்கும் முக்கால் நூற்றாண்டு முன்பே கண்ணை மூடிவிட்ட கொள்ளுத்தாத்தாவின் கல் இதில் என்ன சொல்லப் போகிறது? இந்த ஊரில் குடியுரிமை ஆசையைக் காட்டிக் காசு பார்ப்பவர்கள் எப்போதும் ஒரு பழைய காகிதத்தையோ பழைய கல்லையோ கையில் வைத்துக்கொண்டுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

முக்கால் நூற்றாண்டு என்று எப்படிச் சொன்னேன் என்கிறீர்களா? நீங்கள் எழுத்து என்று நினைத்தவை தமிழ் எண்கள். ௮ என்பது எட்டு. 'அ' போலவே இருக்கும். ௬ என்பது ஆறு; 'சு' போல இருக்கும். ஆயிரத்துக்கும் நூற்றுக்கும் பத்துக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. ௲௮௱௮௰௬ என்று வெட்டியிருந்தால் அது 1886. அந்தக் குறிகள் இல்லாமல் ௧௮௮௬ என்றும் வெட்டுவார்கள். அப்போது முதலில் 'க' போல ஒன்று தெரியும். கல்லில் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். விரல் நுனிக்குத் தெரிவது சில சமயம் கண்ணுக்குத் தெரியாது.

தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆசிட் வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டாம், எழுத்தில் கோலமாவு நிரப்புவதும் வேண்டாம். ஆசிட் சலவைக்கல்லைத் தின்னும், பழைய சுண்ணாம்புப் பூச்சையும் தின்னும். எல்லாவற்றையும்விட மோசம், எழுத்துக்குள் கறுப்பு பெயின்ட் விடுவது. பெயின்டர் குத்துமதிப்பாகப் படித்ததுதான் பிறகு குடும்ப வரலாறு ஆகிவிடுகிறது. அப்படி 3 ஒன்று 8 ஆகி, பேரன் பிறந்த பிறகுதான் தாத்தாவே பிறந்தார் என்று ஆகிப்போன குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். தண்ணீரும் மெல்லிய தேங்காய்நாரும் போதும். காலை ஏழு மணி வெயிலில் போட்டோ எடுங்கள். பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் பள்ளங்கள் நிழல் கட்டித் தெரியும். நடுப்பகலில்தான் போக முடியும் என்றால், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை ஓரமாகப் பிடித்து வெயிலைச் சாய்வாகத் திருப்பிவிடுங்கள்.

வரைபடம் என்று அவர் தலையில் கட்டப் போவது கைபேசியில் ஒரு புள்ளி. திறந்த வெளியிலேயே அது சுமார் 5 மீட்டர் தவறும். அந்த 5 மீட்டருக்குள் நான்கு பேர் படுத்திருப்பார்கள். வாசல் தூண், நடுச் சிலுவை என்று அசையாத இரண்டு இடங்களிலிருந்து அளவு நாடா பிடித்து இரண்டு தூரங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கல்லை மட்டும் படம் எடுக்காமல் அந்த வரிசை முழுவதையும் எடுங்கள். பழைய கல் ஒன்று, ஒரு வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் கல்லாகக் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கல்லுக்கும் அந்தக் கதி வந்தால், இடத்தைச் சொல்லப் போவது பக்கத்துக் கற்கள்தான்.

ஆதாரம் வேண்டுமென்றால் பதிவேட்டுக்குப் போக வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் 1776ஆம் ஆண்டு அரசாணைப்படி காலனிப் பதிவேடுகளுக்கு ஒரு பிரதி அதிகமாக எழுதிக் கப்பலேற்றினார்கள். அதனால் இங்கே கறையான் தின்றதும் பிரான்சில் பிழைத்திருக்கலாம். எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்துக் காலனி ஆவணக் காப்பகம் பழைய புதுச்சேரிப் பதிவேடுகளை இணையத்தில் காசில்லாமல் காட்டுகிறது. 1886ஐத் திறந்து இறப்புப் பகுதியைப் பாருங்கள். ஆறுமுகம், முத்து போன்ற பெயர்களில் 'உ' வரும் இடத்தில் பிரெஞ்சு எழுத்தர் 'ஓ', 'யூ' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதியிருப்பார். ஆங்கில வழக்கப்படி தேடினால் கிடைக்காது. இங்கே ஓர் அலுவலகத்தில் பதிவு எண் சொன்னால்தான் ஏட்டைத் திறப்போம் என்றார்கள். எண் அந்த ஏட்டுக்குள்தான் இருக்கிறது என்றேன். மூன்று முறை போனேன், மூன்று முறையும் அதே பதில். இதற்குத்தான் தரகன் பிழைக்கிறான்.

இனிப் பக்கத்துக் கல். வேறு குடும்பப் பெயர் இருந்தால் வேறு குடும்பம் என்பது பொது விதி. புதுச்சேரியில் மட்டும் அதை நம்பாதீர்கள். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வர இந்தியர்களை அனுமதித்தது. அப்படித் துறந்தவர்கள்தாம் ரெனோன்சான்கள். துறந்தவர் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 'லாப்போர்த்' என்று வைத்துக்கொண்டார். கதவு என்று பொருள். அண்ணன் ஒரு பெயரை எடுப்பார், தம்பி வேறொன்றை எடுப்பார், மூன்றாமவர் துறக்காமல் தகப்பன் பெயரோடே இருந்துவிடுவார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவர் மூன்று பெயர்களில் அடுத்தடுத்துப் படுத்திருக்க முடியும். ஆகவே அந்தப் பிரெஞ்சுப் பெயர்க்காரர் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் உடன்பிறப்பாகவும் இருக்கலாம், யாரோவாகவும் இருக்கலாம். தரகர் தெரியாமல் சொன்னது உண்மையாகவே இருந்தாலும் நான் வியக்க மாட்டேன். இருவருடைய இறப்புப் பதிவிலும் பெற்றோர் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் சித்தப்பா வழி உறவு ஒன்று கிடைத்ததாக மகிழலாம். குடியுரிமைக்கு அதனாலும் பயனில்லை.

கடலூரில் உறவு இருந்தால் அது ஆங்கிலேயர் கணக்கு. சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. பிரிட்டிஷ் நூலகத்தில் தேட வேண்டும்.

கல்லறைத் தோட்டத்துக்கு நவம்பர் 2-க்கு முன்பே போய்விடுங்கள். கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடிக்கும் பையன்கள் எழுத்தென்றும் கல்லென்றும் பார்ப்பதில்லை. அந்த 'அ'வுக்குள்ளும் 'சு'வுக்குள்ளும் இந்த ஆண்டுச் சுண்ணாம்பும் ஏறிவிடும்.