துளை போட்டால் அழுத்தம் குறைந்துவிடும்!

கேள்வி: நான் வேதிப் பொறியியல் முதுகலை மாணவி. பாலிமர் கரைசல் ஓடும் தட்டையான கால்வாயின் ஒரு சுவரில் குறுக்குவாட்டில் மெல்லிய பிளவு வெட்டி, அதன் அடியில் பிரஷர் சென்சார் வைத்திருக்கிறோம். எதிர்ச் சுவரில் இன்னொரு சென்சாரைச் சுவரோடு சமமாகப் பதித்திருக்கிறோம். தண்ணீரை மெதுவாக விட்டால் இரண்டும் ஒரே அளவு காட்டுகின்றன. பாலிமர் கரைசல் ஓடும்போது மட்டும் பிளவுக்கு அடியில் இருப்பது குறைவாகக் காட்டுகிறது. சென்சாரை மாற்றிப் பார்த்தும் அப்படியேதான். எதை நம்புவது?

பதில்: சமமாகப் பதித்ததை நம்புங்கள். சென்சார் இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன. பிளவுக்கு அடியில் அழுத்தமே உண்மையில் குறைவாக இருக்கிறது!

ஷியர் ஓட்டத்தில், அதாவது திரவ அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஒன்றன்மேல் ஒன்று நழுவும் ஓட்டத்தில், பாலிமர்ச் சங்கிலிகள் ஓட்டத் திசையில் நீண்டு விறைப்பதால், ஒவ்வொரு ஓட்டக்கோட்டிலும் இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்டு போல ஒரு இழுவிசை இருக்கும். தண்ணீரில் இது கிடையாது. ஓட்டம் பிளவைத் தாண்டும்போது கோடுகள் லேசாக உள்ளே வளைகின்றன; வளைந்த கோடு நேராகப் பார்க்கும், அப்போது பிளவுக்குள் இருக்கும் திரவத்தை வெளிப்பக்கம் இழுக்கும், அடியில் அழுத்தம் இறங்கும். கலக்கும் கம்பியில் பாலிமர் கரைசல் ஏறுகிறதே, அதற்கும் இந்த இழுவிசைதான் காரணம். அங்கே கோடுகள் கம்பியைச் சுற்றி வளையமாக இறுக்குவதால் திரவம் மேலே போகிறது. 1940களில் கார்ல் வைசன்பெர்க் அதை விளக்கியதிலிருந்துதான் நார்மல் ஸ்ட்ரெஸ் (பரப்புக்குச் செங்குத்தாக இருக்கும் தகைவு) அளக்கும் வேலை சூடுபிடித்தது.

பிளவை இன்னும் குறுகலாக வெட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும், எல்லோருக்கும் முதலில் அதுதான் தோன்றுகிறது, ஆனால் மெதுவான ஓட்டத்தில் இந்தப் பிழை பிளவின் அகலத்தைப் பொறுத்ததே அல்ல. 1969ல் டானரும் பிப்கினும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: குறுக்குப் பிளவில் அழுத்தம் குறையும் அளவு, முதல் நார்மல் ஸ்ட்ரெஸ் வேறுபாட்டில் (ஓட்டத் திசைத் தகைவுக்கும் சுவருக்குச் செங்குத்தான தகைவுக்கும் உள்ள வித்தியாசம்) கால் பங்கு. அதாவது அந்த வேறுபாடு 1000 பாஸ்கல் என்றால் உங்கள் சென்சார் 250 பாஸ்கல் குறைத்துக் காட்டும்.

இதன் பின்னால் இருக்கும் கதையை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1968 வரை, சுவரில் துளை போட்டு அளந்தால் கிடைப்பது சுவர் அழுத்தம்தான் என்று நம்பித்தான் பலரும் அளந்தார்கள். இரண்டாம் வேறுபாடு என்று ஒன்று உண்டு (சுவருக்குச் செங்குத்தான தகைவுக்கும் குறுக்குவாட்டுத் தகைவுக்கும் உள்ள வித்தியாசம்), முதலாவதை விட ரொம்பச் சிறியது, அதனால் துளைப் பிழை அதை அடியோடு புரட்டிவிடும். அது பூஜ்யம் என்றார்கள் சிலர், பாசிட்டிவ் என்றார்கள் சிலர். அந்த ஆண்டு பிராட்பென்ட், கே, லாட்ஜ், வேல் நால்வரும் ‘நேச்சர்’ இதழில் துளையே தவறு செய்கிறது என்று எழுதினார்கள். திருத்திப் பார்த்தால் குறி நெகட்டிவ்! 1970ல் டானர் துளையே இல்லாமல் இதைச் சோதித்தார். சாய்வான தொட்டியில் கரைசலை ஓடவிட்டார், மேற்பரப்பு நடுவில் மேடாகப் புடைத்தது. இரண்டாம் வேறுபாடு நெகட்டிவாக இருந்தால்தான் அப்படிப் புடைக்கும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை அது, கண்ணால் பார்த்தே குறியைச் சொல்லிவிடலாம்.

சரி, உங்களுக்கு என்ன லாபம்? நீங்கள் பிழை என்று நினைக்கும் அந்த வித்தியாசத்தை நான்கால் பெருக்கினால் முதல் வேறுபாடு கிடைத்துவிடும். லாட்ஜ் பின்னால் ‘ஸ்ட்ரெஸ்மீட்டர்’ என்ற கருவியையே இப்படித்தான் அமைத்தார்: ஒரு பக்கம் பிளவு, எதிர்ப்பக்கம் சமமான சென்சார். உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. பிளவை மூடிவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ரியோமீட்டரில் (திரவத்தின் ஓட்டப் பண்புகளை அளக்கும் கருவி) 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள, ஒரு டிகிரிக் கூம்பு தட்டின் மேல் சுழல்கிறது. நீர்த்த பாலிமர் கரைசலை வேகமாகச் சுற்றினால் செங்குத்து விசை மைனஸில் போகிறது. கருவி கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. சுழலும் திரவம் வெளியே ஓடப் பார்ப்பதால் நடுவில் அழுத்தம் இறங்கி, கூம்பும் தட்டும் ஒன்றையொன்று இழுக்கும். செங்குத்து விசையை வைத்துத்தான் முதல் வேறுபாட்டைக் கணக்கிடுகிறோம்; உங்கள் அளவுக்கு, விநாடிக்கு 10 ரேடியனில் இது முதல் வேறுபாட்டை 9 பாஸ்கல் போலக் குறைத்துக் காட்டும், கண்டுகொள்ள வேண்டாம். 50 ரேடியனில் 230 பாஸ்கலைத் தாண்டிவிடும். நீர்த்த கரைசலின் சொந்த அளவு அதற்குக் கீழே இருந்தால் மைனஸ்தான் வரும். அடர்த்தி, சுழல் வேகத்தின் வர்க்கம், ஆரத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கி, அதை 0.15 ஆல் பெருக்கி, அளந்ததோடு கூட்டிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் வெறும் கரைப்பானை அதே வேகத்தில் சுற்றுங்கள், அதிலும் மைனஸ் வரும்.

அப்புறம் இன்னொன்று. கூம்பை இறக்கியதும் கரைசல் நசுங்கி, செங்குத்து விசை தானாகவே கொஞ்சம் ஏறியிருக்கும். அது அடங்கும் வரை பொறுத்து, பிறகு பூஜ்யம் வைத்துச் சுற்றுங்கள்.